வெயிலே படாத ஈறு ஏன் கறுக்கிறது? எம்.சி.1.ஆர். ஏற்பி பற்றிச் சில சந்தேகங்கள்

புளியரை_டீச்சர்:

ஹார்மோன் பாடத்தில் எம்.எஸ்.எச். (மெலனோசைட்டைத் தூண்டும் ஹார்மோன்) பற்றி ஒற்றை வரிதான் இருக்கிறது. நிறமி செய்யும் செல்லான மெலனோசைட்டில் வேலை செய்யும், தோலின் நிறத்தைக் கட்டுப்படுத்தும், அவ்வளவுதான். பிள்ளைகள் அதோடு விடுவதாக இல்லை. நான் தேடிப் படித்தவரை, மெலனோசைட்டின் சவ்வில் எம்.சி.1.ஆர். என்று ஓர் ஏற்பி, அதாவது ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும் புரதம். அதில் எம்.எஸ்.எச். போய் உட்கார்ந்தால் உள்ளே செய்தி கடத்தும் மூலக்கூறான சைக்ளிக் ஏ.எம்.பி. கூடும், நிறமியான மெலனினும் கூடும். இதுவரை சரி. இதற்கு மேல் நாலு இடத்தில் இடிக்கிறது.

நாள் முழுக்க வயலில் நிற்கிறவருக்கும் வீட்டுக்குள் இருக்கிறவருக்கும் மெலனோசைட்டின் எண்ணிக்கையே வேறா, ஏற்பியின் எண்ணிக்கை வேறா? வெயிலில் நின்றால் நிறம் ஏற ஏன் இரண்டு மூன்று நாள் ஆகிறது? சைக்ளிக் ஏ.எம்.பி. நிமிடக் கணக்கில் கூடிவிடும் என்கிறார்களே.

அட்ரினல் சுரப்பி கெடும் அடிசன் நோயில் ஈறும் உள்ளங்கை ரேகையும் கறுக்கும் என்கிறார்கள். அங்கே வெயில் எங்கே படுகிறது?

முகத்தில் கரும்திட்டாக வரும் மங்கு இருக்கிறவர்கள் சன்ஸ்கிரீன் ஒழுங்காகப் பூசினாலும் அது கலையமாட்டேன் என்கிறது. அதற்குத் தனியாக ஏதும் ஏற்பி உண்டா?

கடைசியாக ஒன்று. தமிழ்நாடு-கேரள எல்லைக்கு இரண்டு பக்கமும் பெட்டிக்கடை வரைக்கும் ‘ஏழே நாளில் வெளுப்பு’ டப்பா கிடைக்கிறது. அது இந்த ஏற்பியைத்தான் அடைக்கிறதா? பிள்ளைகள் கேட்டதை அப்படியே கேட்டுவிட்டேன். விவரம் தெரிந்த அண்ணாச்சிமார், அக்காமார் கொஞ்சம் விரிவாகவே எழுதுங்கள்.

---

வடசேரி_உயிர்வேதியியல்:

டீச்சர், எண்ணிக்கையை முதலில் தீர்த்துவிடுவோம். ஒரே ஆளின் உடம்பில் முகத்தில் மெலனோசைட் கூடுதலாகவும் முதுகில் குறைவாகவும் இருக்கும். ஆனால் ஒருவர் முகத்தையும் இன்னொருவர் முகத்தையும் வைத்துப் பார்த்தால், கறுப்போ வெளுப்போ, கணக்கு ஏறத்தாழ ஒன்றுதான். மேல்தோலின் அடி வரிசையில் ஒரு மெலனோசைட் உட்கார்ந்து கிளைகளை நீட்டிச் சுற்றியுள்ள சுமார் 36 கெரட்டினோசைட்டுகளுக்கு (மேல்தோலை ஆக்கும் செல்கள்) நிறமியைக் கொடுக்கிறது. பந்தியில் பரிமாறுகிறவர் ஒருவர், இலை முப்பத்தாறு. பரிமாறுகிறவர்களின் தலையை எண்ணிப் பயனில்லை. என்ன சமைத்தார், எவ்வளவு சமைத்தார், இலையில் எப்படி விழுந்தது என்பதில்தான் நிறம் இருக்கிறது. கறுத்த தோலில் மெலனோசோம்கள் (நிறமி தங்கும் நுண் உருண்டைகள்) பெரியவை, தனித்தனியாகச் சிதறி மேலடுக்கு வரை அழியாமல் போகும். வெளுத்த தோலில் சிறியவை, கொத்தாக ஒரே உறைக்குள் கட்டுண்டு சீக்கிரம் சிதைந்துவிடும்.

ஏற்பியின் தொகை நாம் நினைப்பதைவிடச் சொற்பம். ஒரு மெலனோசைட்டில் எம்.சி.1.ஆர். ஆயிரத்துக்கும் குறைவு. 317 அமினோ அமிலம் கொண்ட புரதம், சவ்வை ஏழு தடவை குறுக்கே கடக்கும், மரபணு 16-ஆம் குரோமோசோமின் நீண்ட கையின் நுனிப்பக்கம். 1992-இல்தான் அது தனியே பிரித்தெடுக்கப்பட்டது. இவ்வளவு குறைவாக இருந்தும் காரியம் நடப்பதற்குக் காரணம், அடுத்தடுத்த படிகளில் செய்தி பெருகிக்கொண்டே போவது.

இனி தாமதம். இதில்தான் பாடப்புத்தகப் படம் ஏமாற்றுகிறது. படத்தில் அம்புக்குறி பிட்யூட்டரியிலிருந்து தோலுக்கு வரும். மனிதரில் பிட்யூட்டரியின் நடுமடல் தேய்ந்துபோன உறுப்பு. தோலில் வேலை செய்யும் ஆல்ஃபா எம்.எஸ்.எச்.-இல் பெரும்பங்கு தோலிலேயே தயாராகிறது. தயாரிப்பதில் முக்கியமான ஆள் பக்கத்து வீட்டுக் கெரட்டினோசைட்.

வெயில் பட்ட நொடியிலிருந்து பார்ப்போம். புற ஊதாக் கதிரின் ஒரு ரகமான யூ.வி.பி. கெரட்டினோசைட்டின் டி.என்.ஏ.-வைச் சேதப்படுத்துகிறது. சேதத்தைப் பார்த்து பி53 என்ற காவல் புரதம் கூடுகிறது. அந்த பி53 நேராகப் போய் பி.ஓ.எம்.சி. மரபணுவைத் திறக்கிறது. இந்த இணைப்பு 2007-இல் நிரூபணமானது. பி.ஓ.எம்.சி. ஒரு நீளமான புரதம். அதை நறுக்கினால் ஒரு துண்டு ஆல்ஃபா எம்.எஸ்.எச்., 13 அமினோ அமிலம். இன்னொரு துண்டு பீட்டா எண்டார்ஃபின். இதற்கே மணிக்கணக்கில் ஆகிவிடும். அதற்குப் பிறகுதான் உங்கள் எம்.சி.1.ஆர். காட்சிக்கு வருகிறது.

சாவி, அதாவது எம்.எஸ்.எச்., ஏற்பியில் உட்கார்ந்ததும் வரிசையாகத் தூண்டப்படுபவை ஜி.எஸ். புரதம், அடினைலைல் சைக்ளேஸ் நொதி, சைக்ளிக் ஏ.எம்.பி., பி.கே.ஏ. நொதி. இதெல்லாம் நீங்கள் சொன்னபடி நிமிட வேலைதான். பி.கே.ஏ. உட்கருவுக்குள் போய் கிரெப் புரதத்துக்கு பாஸ்பேட் ஏற்றுகிறது, கிரெப் போய் மிட்ஃப் மரபணுவை முடுக்குகிறது. மெலனோசைட்டின் மேஸ்திரி மிட்ஃப்தான். டைரோசினேஸ், டி.ஆர்.பி.1, டி.சி.டி. ஆகிய மூன்று நொதிகளுக்கும் ஆர்டர் கொடுப்பது அதுவே. ஆர்டர் கொடுத்தால் போதுமா? ஆர்.என்.ஏ. எழுதி, புரதம் கட்டி, கோல்கை வழியாக மெலனோசோமுக்குள் அனுப்பி, அங்கே டைரோசினை டோப்பாவாகவும் டோப்பாகுவினோனாகவும் மாற்றி, உள்ளே இருக்கும் நார்ச் சட்டத்தின் மேல் நிறமியைப் படியவைத்து, உருண்டையைக் கிளையின் நுனிக்கு நகர்த்தி, கெரட்டினோசைட்டுக்குக் கைமாற்ற வேண்டும். கைமாறிய நிறமி, உட்கருவின் மேல் வெயில் வரும் பக்கமாகக் குல்லா போலக் குவிந்து நிற்கும். இதற்குத்தான் 48 முதல் 72 மணி நேரம்.

நுனிக்கு நகர்த்தும் வேலையில் மூன்று புரதங்கள் கோத்துக்கொண்டு நிற்கின்றன: ராப்27ஏ, மெலனோஃபிலின், மயோசின் 5ஏ. மூன்றில் ஒன்று கெட்டாலும் நிறமி செல்லின் நடுவிலேயே குவிந்துவிடும். கிரிசெல்லி நோயில் குழந்தையின் முடி வெள்ளி போல மின்னுவது இதனால்தான். ஏற்பி சரி, நொதி சரி, சரக்கு மட்டும் கடைக்குப் போய்ச் சேரவில்லை.

“மதியம் நாற்று நட்டவர் சாயங்காலமே கறுத்துத் தெரிகிறாரே” என்று ஒரு பிள்ளையாவது கேட்கும். அது யூ.வி.ஏ. என்ற இன்னொரு புற ஊதாக் கதிர் ஏற்கெனவே இருக்கிற மெலனினை ஆக்சிஜனேற்றம் செய்வதால் வரும் கறுப்பு. புது மெலனின் இல்லை, ஏற்பிக்கு அதில் வேலை இல்லை, அதனால் வெயிலிலிருந்து பாதுகாப்பும் கூடுவதில்லை.

எம்.சி.1.ஆர். முடிவு செய்வது அளவை மட்டுமல்ல, ரகத்தையும்தான். ஏற்பி ஓங்கி வேலை செய்தால் டைரோசினேஸ் வேகமாக ஓடும், கறுப்பு யூமெலனின் வரும். ஏற்பி சோர்ந்தால் டோப்பாகுவினோன் மெதுவாக ஊறும், அதை சிஸ்டீன் பிடித்துக்கொள்ளும், மஞ்சள்-சிவப்பு ஃபியோமெலனின் வரும். ஆர்151சி, ஆர்160டபிள்யூ, டி294எச் ஆகிய எம்.சி.1.ஆர். மரபணு மாற்றங்களின் இரண்டு பிரதிகளைச் சுமக்கும் ஐரோப்பியருக்குச் செம்பட்டை முடி வருவது இப்படித்தான். இந்தத் தொடர்பு 1995-இல் தெரியவந்தது. அகூட்டி என்ற புரதம் அதே ஏற்பியில் எம்.எஸ்.எச்.-க்கு எதிராக உட்கார்ந்து அதை அமர்த்தும்.

ஒரு எச்சரிக்கை. நம் வீடுகளில் அண்ணன் தம்பிக்குள் இருக்கும் நிற வித்தியாசத்துக்கு எம்.சி.1.ஆர்.-ஐ இழுக்காதீர்கள். அந்தச் செம்பட்டை மாற்றங்கள் இங்கே அரிது. தெற்காசியரின் நிற வேறுபாட்டில் பெரிய பங்கு எஸ்.எல்.சி.24.ஏ5 மரபணுவுக்கு. 111-ஆம் இடத்தில் அலனைன் இருக்க வேண்டிய இடத்தில் திரியோனைன் வந்தால் நிறம் குறையும். அது ஏற்பியல்ல, செல்லுக்குள் அயனிகளை மாற்றிக் கொடுக்கும் புரதம். 2005-இல் வரிமீனை வைத்துக் கண்டுபிடித்தார்கள்.

அடிசனுக்கு வருகிறேன். அட்ரினல் கெட்டு கார்ட்டிசால் குறைந்தால் பிட்யூட்டரிக்குக் கடிவாளம் போய்விடும். பி.ஓ.எம்.சி.-யை ஏராளமாகக் கட்டி, அட்ரினலைத் தூண்டும் ஹார்மோனான ஏ.சி.டி.எச்.-ஐக் கொட்டும். ஏ.சி.டி.எச். 39 அமினோ அமிலம் கொண்டது. அதன் முதல் 13-உம் ஆல்ஃபா எம்.எஸ்.எச்.-இன் அதே வரிசை. ஆகவே அதுவும் எம்.சி.1.ஆர்.-இல் உட்காரும். இரத்தத்தில் சுற்றி வருகிற சாவிக்கு வெயில் தேவையில்லை, மெலனோசைட் இருக்கிற எந்த இடத்திலும் திறக்கும். ஈறு, உள்ளங்கை ரேகை, விரல் முட்டி, முழங்கை, புதிதாக ஆறிய தழும்பு ஆகியவற்றில் முதலில் தெரியும்.

---

புளியரை_டீச்சர்:

பந்தி உதாரணம் அப்படியே வகுப்புக்குப் போகிறது, நன்றி சார். ஆனால் நம்மூரில் பாதிப் பேருக்கு ஈறு பிறவியிலேயே கறுப்புதானே? அப்புறம் எதை வைத்துச் சந்தேகப்படுவது?

---

வடசேரி_உயிர்வேதியியல்:

சரியான கேள்வி டீச்சர். கறுப்பு இருக்கிறதா என்று பார்க்கக்கூடாது, புதிதாகக் கூடியதா என்று பார்க்க வேண்டும். கூடவே அசதி, எடை குறைவு, எழுந்தால் தலைசுற்றல், உப்பை அள்ளி அள்ளித் தின்னும் ஆசை இருந்தால் காலை 8 மணி வாக்கில் எடுத்த இரத்தத்தில் கார்ட்டிசாலும் ஏ.சி.டி.எச்.-உம் பார்ப்பார்கள்.

குழம்புகிற இடம் இரண்டு. ஒன்று பி12 குறைவு. அதிலும் விரல் முட்டிகள் கறுக்கும், நம் பக்கம் அடிசனைவிட அதுதான் அதிகம். ஏற்பிக்குச் சாவி கூடியதால் வருவதல்ல; பி12 கொடுத்தால் சில வாரம், மாதத்தில் வெளுத்துவிடும். இன்னொன்று நேர்மாறு. பல மாதம் ஸ்டீராய்டு மாத்திரை விழுங்கிவிட்டுத் திடீரென நிறுத்தினவருக்கும் கார்ட்டிசால் குறையும், மயக்கமும் வரும், ஆனால் கறுப்பு வராது. பிட்யூட்டரியே உறங்கிக் கிடப்பதால் ஏ.சி.டி.எச். இல்லை, சாவி இல்லை. கறுக்கவில்லை என்பதை வைத்து அட்ரினல் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டினால் ஆபத்து.

---

கொழிஞ்சாம்பாறை_பார்மசி:

மங்கும் களிம்பும் நம்ம ஏரியாங்க டீச்சர். மங்கை முதல்ல எடுத்துக்கறேன்.

சன்ஸ்கிரீன் டப்பாவில் இருக்கிற எஸ்.பி.எஃப். எண் யூ.வி.பி.-யால் தோல் சிவப்பதைத் தடுக்கும் கணக்கு மட்டும்தாங்க. பக்கத்தில் இருக்கிற பி.ஏ. கூட்டல் குறிகள் யூ.வி.ஏ.-வுக்கு. கண்ணுக்குத் தெரிகிற ஒளிக்கு எந்த எண்ணும் கிடையாது. மெலனோசைட்டில் ஆப்சின்-3 என்று ஓர் ஏற்பி இருக்குதுங்க. கண்ணில் ஒளியைப் பிடிக்கிற புரதங்களின் பங்காளி. நீல ஒளியை அது உணர்ந்து, கால்சியம் வழியாக மிட்ஃபைத் தூண்டிவிடுகிறது என்று 2018-இல் காட்டினார்கள். அதற்கு முன்னாலேயே மனிதத் தோலில் ஒளியடித்துப் பார்த்ததில் 415 நானோமீட்டர் நீல-ஊதா ஒளி நிறத்தைக் கூட்டியது, 630 நானோமீட்டர் சிவப்பு ஒளி கூட்டவில்லை. வெள்ளைக்காரத் தோலில் இந்த விளைவு பெரிசா தெரியாது, நம்மளை மாதிரி மாநிறத் தோலில்தான் நன்றாகப் பிடிக்கும், வாரக்கணக்கில் நிற்கும். எம்.சி.1.ஆர்.-ஐத் தொடாமலே வருகிற வேறு வழிங்க இது.

அதனால் மங்குக்காரர்கள் வாங்க வேண்டியது சாயம் கலந்த சன்ஸ்கிரீன். டப்பாவைத் திருப்பி அயர்ன் ஆக்சைடு என்று இருக்கா, இல்லாட்டி சி.ஐ. 77491, 77492, 77499 என்ற எண்கள் இருக்கா பாருங்க. வரிசையாகச் சிவப்பு, மஞ்சள், கறுப்பு இரும்பு ஆக்சைடு. நீல ஒளியைத் தடுப்பது இதுதான். பூசினால் வெள்ளை பூத்து நிற்காமல் தோல் நிறத்தோடு சேர்வதும் இதனால்தான்.

அளவுதான் பெரும்பாலானவர்கள் கோட்டை விடுகிற இடம். சோதனைச்சாலையில் சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசித்தான் அந்த எண்ணைப் போடுகிறார்கள். முகம், கழுத்து இரண்டுக்கும் ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கினால் ஏறக்குறைய அந்தக் கணக்கு வரும். பட்டாணி அளவு பூசினால் 50 என்று எழுதியிருப்பது கையில் கால்வாசிகூட நிற்காது. வெளியில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா மறுபடி. உங்க பக்கம் சாரல் காலத்தில் “வெயிலே இல்லையே” என்று விட்டுவிடுவார்கள். மேகம் கதிரைக் குறைக்கும், நிறுத்தாது. பஸ் ஜன்னல் கண்ணாடி யூ.வி.பி.-யை நிறுத்தும், யூ.வி.ஏ.-வில் கணிசமானதையும் நீல ஒளியையும் விட்டுவிடும். மொபைல் திரையைப் பார்த்துப் பயப்பட வேண்டாங்க, வெயிலோடு வைத்துப் பார்த்தால் அது ஒன்றுமில்லை.

மங்கில் ஹார்மோனுக்கும் பங்குண்டு. கர்ப்பக் காலத்திலும் கருத்தடை மாத்திரையிலும் அது வருவதைப் பார்த்திருப்பீர்கள். வளர்த்த மெலனோசைட்டில் செய்த 2016 ஆய்வில் ஈஸ்ட்ரோஜன் ஒரு சவ்வு ஏற்பி வழியாக மெலனினைக் கூட்டியது, புரோஜெஸ்டிரோன் இன்னொன்று வழியாகக் குறைத்தது. கர்ப்பத்தில் இரண்டுமே உயருமே என்று கேட்டால், அந்த ஒரு ஆய்வை வைத்து மங்கு முழுவதையும் விளக்க முடியாது என்பதுதான் என் கருத்துங்க.

டிரானெக்ஸாமிக் அமிலம் 250 மில்லிகிராம் தினம் இரண்டு வேளை எழுதுவார்கள். அதுவும் மெலனோசைட்டின் ஏற்பியை அடைப்பதில்லை. கெரட்டினோசைட்டில் பிளாஸ்மினைத் தடுத்து, அங்கிருந்து மெலனோசைட்டுக்குப் போகிற புரோஸ்டாகிளாண்டின் செய்தியைக் குறைக்கிறது. இரத்தக்கட்டு வந்தவர்கள், கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தானாக வாங்கிப் போடவே கூடாது. நயாசினமைடு 4, 5 சதவீதக் களிம்பு நொதியைத் தொடாது, மெலனோசோம் கைமாறுவதைத்தான் குறைக்கும். கைமாறுகிற இடத்தில் கெரட்டினோசைட்டுக்குள்ள பார்-2 ஏற்பியைப் பச்சை சோயாவில் இருக்கும் டிரிப்சின் தடுப்பான் அமர்த்தும் என்று காட்டியிருக்கிறார்கள். பாலைக் காய்ச்சினால் அந்தப் புரதம் செத்துப்போகும், அதனால் காய்ச்சிய சோயாப்பாலை முகத்தில் பூசுவதில் பிரயோசனம் இல்லை.

இப்போ அந்த ‘ஏழு நாள்’ டப்பா. ஏற்பியை அடைக்கிறதா என்று கேட்டீர்களே, இல்லைங்க. பெரும்பாலும் இரண்டு ரகம். ஒன்று ஹைட்ரோகுவினோன் 2 சதவீதம், டிரெட்டினாயின் 0.025, மொமெட்டசோன் 0.1 கலந்த களிம்பு. டாக்டர் பார்த்து எட்டு வாரத்துக்குள் நிறுத்த வேண்டிய மருந்தை வருஷக்கணக்கில் பூசினால் ஸ்டீராய்டு தோலை மெலியவைத்து இரத்தநாளம் சிவந்து தெரியும், பரு, முக ரோமம் வரும், நிறுத்தினால் முகம் எரியும், நிறம் இரட்டிப்பாகத் திரும்பும். ஹைட்ரோகுவினோன் நெடுநாள் போனால் சாம்பல்-நீலக் கறை படியும், அதைப் போக்குவது ரொம்பக் கஷ்டம்.

இரண்டாவது ரகம் பாதரசம். டைரோசினேஸ் நொதியின் மையத்தில் இரண்டு செம்பு அயனிகள் உண்டு. பாதரசம் அந்தச் செம்போடு மோதி நொதியை முடக்கும், வெளுப்பு உண்மையிலேயே தெரியும். சந்தோஷப்பட்டுத் தொடர்ந்தால் சிறுநீரகம் அடி வாங்கும். மலப்புறம் மாவட்டத்துச் சிறுநீரக மருத்துவர்கள் 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை பார்த்த 22 மெம்பிரேனஸ் நெஃப்ரோபதி (சிறுநீரக வடிகட்டி கெட்டுப் புரதம் ஒழுகும் நோய்) நோயாளிகளில் 15 பேருக்கு நெல்-1 (NELL-1) என்ற புரதத்தோடு சேர்ந்த ரகம். அந்த 15-இல் 13 பேர் சிவப்பழகு கிரீம் பூசியவர்கள். சிறுநீரில் நுரை நிற்பது, காலில் வீக்கம் இரண்டும் முதல் அடையாளம்.

டப்பாவில் தயாரிப்பு உரிமம் எண், பேட்ச் எண் இல்லையா, ‘தங்கம், வெள்ளி, அலுமினியம் படாமல் வையுங்கள்’ என்று எழுதியிருக்கா, கலோமெல் (பாதரசச் சேர்மம்) என்றோ மெர்க்குரி என்று தொடங்குகிற பெயரோ இருக்கா, வெளிச்சத்தில் வைத்தால் சாம்பல் நிறமாகிறதா? இதில் ஒன்று இருந்தாலும் தொடாதீங்க.

ஏற்பியையே அடைத்து நிறம் குறைவதைப் பார்க்க வேண்டுமென்றால் இரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கிற இமாட்டினிப்தான் உதாரணம். மெலனோசைட் உயிரோடு இருக்க கிட் என்ற ஏற்பி வேண்டும். இமாட்டினிப் அதையும் சேர்த்து அடைப்பதால் சிலருக்கு உடம்பு முழுக்க நிறம் குறையும், மருந்தை நிறுத்தினால் பெரும்பாலும் திரும்பும். பிறவியிலேயே கிட் கெட்டவர்களுக்கு நெற்றி முடியில் வெள்ளைக் கற்றையும் வயிற்றில் வெள்ளைத் திட்டும் இருக்கும், வெண்படை மாதிரி பரவாது.

---

எம்எஸ்சி_தென்காசி:

புராஜெக்டில் பி16-எஃப்10 எலி மெலனோமா (நிறமிச் செல் புற்றுநோய்) செல்லில் ஆல்ஃபா எம்.எஸ்.எச். போட்டு மெலனின் அளக்கிறேன். 100 நானோமோலார், 72 மணி நேரம். சோடியம் ஹைட்ராக்சைடில் கரைத்து 405 நானோமீட்டர் ஒளியில் படிக்கிறேன். எம்.எஸ்.எச். போடாத கன்ட்ரோலும் போட்டதும் ஒரே ரீடிங். ஒரு தடவை கன்ட்ரோல்தான் கூடக் கறுத்தது. ஏற்பி வேலை செய்யவில்லையா?

---

பாறசாலை_லேப்:

தம்பி, ஏற்பியைக் குற்றம் சொல்வதற்கு முன்னால் ஒரு தட்டில் ஃபோர்ஸ்கொலின் 20 மைக்ரோமோலார் போட்டுப் பாருங்கள். அது ஏற்பியைத் தாண்டி நேராக அடினைலைல் சைக்ளேஸைப் பிடித்து உலுக்கும். ஃபோர்ஸ்கொலினுக்குக் கறுத்து எம்.எஸ்.எச்.-க்குக் கறுக்கவில்லை என்றால் கோளாறு ஏற்பியிலோ உங்கள் எம்.எஸ்.எச். பெப்டைடிலோ. இரண்டுக்குமே கறுக்கவில்லை என்றால் கோளாறு கீழே, செல்கள் பாசேஜ் (தட்டு மாற்றி வளர்த்த தடவை) கூடி நிறம் போடுவதையே விட்டிருக்கலாம். அப்படியானால் பழைய குறைந்த பாசேஜ் குப்பியை எடுங்கள்.

கன்ட்ரோலே கறுத்தது என்றால் எனக்கு முதல் சந்தேகம் செல் நெருக்கம். பி16 நிரம்பி வழிந்தால் தானாகவே கறுக்கும். ஆறு குழித் தட்டில் குழிக்கு 50,000-க்கு மேல் போடாதீர்கள், அறுவடை அன்றும் தட்டு முழுதாக நிரம்பியிருக்கக் கூடாது. அடுத்தது செல் வளர்க்கும் மீடியம். டி.எம்.இ.எம்.-இல் டைரோசின் லிட்டருக்கு 72 மில்லிகிராம், ஆர்.பி.எம்.ஐ.1640-இல் 20 மில்லிகிராம். மூலப்பொருளே கொட்டிக் கிடந்தால் தூண்டாமலே கறுக்கும், வித்தியாசம் மறைந்துவிடும். ஆர்.பி.எம்.ஐ.-க்கு மாற்றிப் பாருங்கள்.

பெப்டைடை எப்படி வைத்திருக்கிறீர்கள்? ஒரே குப்பியை மறுபடி மறுபடி உருக்கி உறையவைத்தால் போச்சு. பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொள்ளும் குணமும் அதற்கு உண்டு. சிறு பங்குகளாகப் பிரித்து உறையவைத்து, நீர்க்கும்போது கொஞ்சம் அல்புமின் சேருங்கள். ஆக்சிஜனேற்றத்தைத் தாங்குகிற என்.டி.பி.-எம்.எஸ்.எச். கிடைத்தால் இன்னும் நல்லது. நான்காவது அமினோ அமிலத்தை நார்லியூசினாகவும் ஏழாவதை வலம்-இடம் மாற்றிய ஃபினைல் அலனைனாகவும் ஆக்கியது. அதுதான் அஃபமெலனோடைடு என்ற மருந்து. வெயில் பட்டாலே எரிகிற இ.பி.பி. நோயாளிகளுக்கு 16 மில்லிகிராம் குச்சியாகத் தோலுக்கடியில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வைக்கிறார்கள், அமெரிக்காவில் 2019 அக்டோபரில் அனுமதி கிடைத்தது.

அளக்கும் முறை: மீடியத்தை எடுத்துவிட்டு, செல்லைக் கழுவி, எண்ணி, உருண்டையாக்கி, 10 சதவீதம் டி.எம்.எஸ்.ஓ. சேர்த்த 1 நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடில் 80 டிகிரியில் ஒரு மணி நேரம். அடியில் கறுப்பு மிச்சம் இருந்தால் இன்னும் கரையவில்லை, படிக்காதீர்கள். செல் எண்ணிக்கையாலோ புரத அளவாலோ வகுக்காமல் விட்டால் ரீடிங்குக்கு அர்த்தம் இல்லை, எம்.எஸ்.எச். செல் பெருகும் வேகத்தையும் மாற்றும். மீடியத்தைப் படிப்பதானால் ஃபினால் ரெட் இல்லாதது வேண்டும், அந்தச் சிவப்பும் நடுவில் ஏறிக்கொள்ளும்.

பின்னால் மனித மெலனோசைட்டுக்குப் போகிற எண்ணம் இருந்தால், மீடியம் பாட்டிலின் சேர்மானப் பட்டியலை வாசியுங்கள். சிலவற்றில் காலரா டாக்சின் இருக்கும். அது ஜி.எஸ். புரதத்தை நிரந்தரமாகத் திறந்தே வைத்துவிடும். ஏற்கெனவே திறந்து கிடக்கிற மதகில் எம்.எஸ்.எச். போட்டு என்ன ஆகப் போகிறது?

---

புளியரை_டீச்சர்:

பாறசாலை அண்ணாச்சி, ஃபோர்ஸ்கொலின் மருந்துக்கூர்க்கன் செடியிலிருந்து எடுப்பதுதானே? எங்கள் வகுப்பில் இதைச் சொன்னால், பொங்கலுக்குச் சிறுகிழங்கு தின்னால் கறுப்பாகிவிடுமா என்று கட்டாயம் ஒருத்தன் எழுந்திரிப்பான்.

---

பாறசாலை_லேப்:

கறுக்காது டீச்சர், பயலைத் தாராளமாகத் தின்னச் சொல்லுங்கள். சிறுகிழங்கு, கேரளக்காரர்கள் கூர்க்கை என்பது, மருந்துக்கூர்க்கனுக்குச் சொந்தக்காரச் செடிதான், ஆனால் வேறு இனம். ஃபோர்ஸ்கொலின் மருந்துக்கூர்க்கனின் வேரில் இருக்கிறது.

பூசினால் என்ன ஆகும் என்பதற்குப் பதில் இருக்கிறது. 2006-இல் எம்.சி.1.ஆர். செத்துப்போன செம்பட்டை எலிகளின் தோலில் ஃபோர்ஸ்கொலின் பூசினார்கள். வெயிலே இல்லாமல் யூமெலனின் வந்து எலிகள் கறுத்தன, புற ஊதாவிலிருந்து பாதுகாப்பும் கிடைத்தது. ஏற்பி கெட்டாலும் அதற்குக் கீழே உள்ள இயந்திரம் முழுசாக இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடையாது. மனிதத் தோலில் அதே வித்தை பலிக்கவில்லை, நம் மேல்தோல் எலியினுடையதைவிடத் தடிப்பு, மருந்து அடி வரிசை வரை இறங்காது. 2017-இல் இன்னும் ஒரு படி கீழே போய், கிரெப் பக்கம் தடை போடுகிற எஸ்.ஐ.கே. நொதியை அடக்கும் சிறிய மூலக்கூறுகளை வைத்து, ஆய்வகத்தில் உயிரோடு வைத்திருந்த மனிதத் தோல் துண்டுகளில் நிறம் வரவைத்தார்கள்.

பரீட்சைக்குப் படம் போடச் சொல்வதானால், சாவி வரும் பக்கத்தில் கெரட்டினோசைட்டையும் பி53-ஐயும் சேர்த்து வரையச் சொல்லுங்கள். பிட்யூட்டரியிலிருந்து வரும் அம்புக்குறியைப் புள்ளிக்கோடாகப் போட்டு, அதன் மேல் ஏ.சி.டி.எச். என்று எழுதினால் அடிசனும் அதே படத்தில் அடங்கிவிடும்.